தோல் எடுக்க வந்தவர்கள்

எங்கள் ரொடோப்பி மலையில் கைடா செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள். முழு ஆட்டுத்தோலைப் பையாக்கி, ஊதுகுழலும், விரல் வைக்கும் துளைக்குழலும், ஒரே சுருதியில் நிற்கும் ஒத்துக்குழலும் பொருத்தி, அக்குளில் இடுக்கி வாசிக்கிற வாத்தியம் அது. தன்னுடையதுதான் கைடா, மற்றவன் செய்வது அடுப்பூதத்தான் லாயக்கு என்பான் ஒவ்வொருத்தனும். ஆனால் அக்டோபரில் நான் ஆடு அறுக்கிற சனிக்கிழமை எல்லாரும் என் கொட்டிலில் வந்து நிற்பார்கள். வயிற்றைக் கீறாமல், சட்டையைக் கழற்றுவது போல முழுசாகத் தோல் உரிக்க இந்தப் பக்கத்தில் எனக்குத்தான் வரும். பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

வராத ஒரே ஆள் ஸ்தாமென். பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டுக் கைடா செய்ய உட்கார்ந்தவன். தோல் வேண்டுமென்றால் போன் செய்வான். பழைய சகாக்கள் யாருடைய பஸ்ஸிலாவது போட்டுவிடச் சொல்வான். நானும் புத்தியில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் போனில் அவன் குரலில் சுரத்தே இல்லை.

"அக்கா, இசைப்பள்ளியில கைடா கேட்டிருக்காங்க. ஆனா இந்தத் தொழில்ல இருக்கிற ஒருத்தராவது எனக்காகச் சொல்லணுமாம். எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன், யாரும் பிடி குடுக்கல. இதுவும் போச்சுன்னா பஸ்ஸுக்கே திரும்ப வேண்டியதுதான்."

"முகமே தெரியாதவனுக்கு எவன் சொல்லுவான்? சனிக்கிழமை நேர்ல வா. வரலேன்னா தோல் கிடையாது."

"எனக்குத் தோல் பார்த்து எடுக்கத் தெரியாதுக்கா. சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறானுங்க. வா."

வந்தான், கைடாவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. பீன்ஸ் சூப்பும் ராக்கியா சாராயமும் முடிந்த கையோடு, இருப்பதிலேயே கடுகடுப்பான வெல்கோ, கேட்காமலே அதைப் பிடுங்கி வாசித்தான்.

"ஒத்து ஒரு பக்கம் போகுது, குழல் ஒரு பக்கம் போகுது. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்தாமென் காது சிவந்துவிட்டது. இல்ச்சோ என்கிற இன்னொரு கைடாக்காரன் தன் சட்டைப் பையிலிருந்து மெழுகைக் கிள்ளி, குழலின் ஒரு துளையோரம் ஒட்டி வாசித்துப் பார்த்தான். அடுத்தவன் அதைச் சுரண்டிவிட்டு வேறு துளையில் ஒட்டினான். யாரும் எதையும் விளக்கவில்லை. ஸ்தாமென் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் ஆட்டுத்தோலுக்காக மட்டுமே வருகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பிறகு வெல்கோ குழலிலிருந்து நாணல் சீவாளியை உருவி, தனியாக ஊதினான். மறுபடி ஊதினான்.

"இது யாருகிட்ட வாங்கினது?"

"நான் செஞ்சதுதாண்ணே."

"குளிர் வந்தா என்னோடது வாயை மூடிக்குது. இது எப்படி நிக்குது?"

வெல்கோ இன்னொருத்தனிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஸ்தாமென் மழுப்பியிருக்கலாம். அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லையே.

"பஸ் ஓட்டுறப்ப நாணலை முன்கண்ணாடிக்குக் கீழ போட்டு வச்சிருப்பேன். பகல்ல வெயில் காயும், ராத்திரி பனி குடிக்கும். வருஷம் முழுக்க அப்படியே கிடக்கும். அதுல வெடிக்காம மிஞ்சுறதைத்தான் சீவுவேன்."

"அப்ப நாங்க எல்லாம் பஸ் வாங்கணுமா?" என்றான் இல்ச்சோ. இந்தச் சிரிப்பில் ஸ்தாமெனும் சேர்ந்துகொண்டான்.

தோல் பொறுக்கும்போது அவன் கடைசியில் நின்றான். அவன் முறை வந்தபோது உண்ணி கடித்து ஓட்டை விழுந்த ஒன்றுதான் மிச்சம். அதையும் மறுபேச்சில்லாமல் மடித்து வைத்தான். வெல்கோவிடம், எப்போதும் போல, இருப்பதிலேயே நல்லதாக இரண்டு.

வாசல் வரை போன வெல்கோ திரும்பி வந்து, அதில் ஒன்றை ஸ்தாமென் தோளில் போட்டான்.

"பள்ளிக்கூடத்துக்கு ஓட்டைத் தோல்ல செஞ்சு குடுத்து என் மானத்தை வாங்கிடாத. உனக்காகச் சொல்லப்போறது நான்தான்."