மருவுக்குப் போட்ட உப்பு

என் கணவரின் புறங்கையில் மருக்கள் கிளம்பியபோது, அவருடைய அக்கா புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தார். உப்பு கரைவதுபோல் மருவும் கரையும் என்பது எங்கள் நம்பிக்கை. சில மருக்கள் உதிரவும் செய்தன. ஒன்று மட்டும் தடித்துப் புண்ணானது. வெட்டி எடுத்துச் சோதித்து, தோல் புற்று என்றார்கள். சில மாதங்களில் பக்கத்திலேயே இன்னொரு புற்று முளைத்தது.

மருத்துவர் தமிழ்ப் பெண்தான்; என்னிடம் விளக்கினார். "அக்கா, மாத்தி வெச்ச கிட்னியை உடம்பு தள்ளிடக்கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியை மருந்தால அடக்கி வெச்சிருக்கோம். அதனால மரு வைரஸைத் தடுக்க ஆளில்ல. வெயிலோட சேர்ந்து அதுவும் புற்றை வேகமா வளர விட்டிருக்கலாம். மருந்தைக் குறைச்சுப் பார்க்கலாம்."

"குறைச்சா கிட்னி?"

"போனாலும் போயிடலாம்."

அது நான் கொடுத்த கிட்னி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? கண்ணுக்கே தெரியாத கிருமியிடமா, அவரை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த மாத்திரையிடமா?

ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்ததும், கட்டுப் போட்ட கையோடு அவர் மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு. குறைக்கவா, வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அவருடைய அக்காதான்.

"வெள்ளிக்கிழமை மறுபடி உப்பு போடப் போறேன். எல்லாம் கரைஞ்சிரும்லா."

"எல்லாம் வேணாம் அண்ணி. மரு மட்டும் கரையட்டும், கிட்னி இருக்கட்டும்" என்றேன்.