குளிரறையின் முகவரியில் ஓர் எழுத்து

"தொழில்நுட்பக் குறியீடுகள், அளவைகள், கருவிகளின் எண்கள் ஆகியவற்றை மொழிபெயர்க்கவோ வேறு எழுத்துக்கு மாற்றவோ வேண்டியதில்லை, மூல வடிவிலேயே எழுதலாம்." எங்கள் அலுவலகத்தின் மொழிச் சுற்றறிக்கையில் ஐந்தாவது பத்தியின் கடைசி வாக்கியம் இது. முதல் நான்கு பத்திகள், எல்லாப் படிவங்களும் கன்னடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கூறின. அவற்றை எல்லோரும் படித்திருந்தார்கள். ஐந்தாவது பத்தி தாளின் பின்பக்கத்தில் இருந்தது. பிரிவுகளுக்கு ஜெராக்ஸ் எடுத்தபோது முன்பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். எடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான்.

பெங்களூரில் மாநில அரசின் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். பரிசோதனைக்கு வரும் மருந்துகளை வைத்திருக்க அங்கே இரண்டு குளிரறைகள். கதவில் தொங்கிய நோட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுத வேண்டும். வருடம் முழுவதும் நான்கு டிகிரி என்றே எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கான நான்கு டிகிரியைச் சனிக்கிழமை மதியமே எழுதிவிடுவார்கள். தணிக்கைக்கு வந்தவர் ஒரு சனிக்கிழமை மாலை அந்த நோட்டைப் புரட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான், வெப்பநிலையை மனிதன் எழுதாமல் கருவியே அலுவலக நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவானது.

இதற்கென்று ஆயத்தக் கருவிகள் கடையில் கிடைத்தன. டெண்டர் விட்டால் அடுத்த வருடம் வரும். பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு டெக்னீஷியன், தானே செய்துவிடுவதாகச் சொன்னார். முப்பத்து நான்கு வயதுப் பெண்மணி, டிப்ளமோ படித்தவர், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். சுரங்கத்தை மூடியதில் அவருடைய அப்பாவுக்கும் கணவருக்கும் ஒரே நாளில் வேலை போயிருந்தது. வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். அந்த ஒப்பந்தமும் மார்ச் முப்பத்தொன்றோடு முடிவதாக இருந்தது. நீட்டிப்பதற்கு இயக்குநர் ஒரு நிபந்தனை வைத்தார்: கருவி அலுவலக நெட்வொர்க்கில் தொடர்ந்து முப்பது நாள், இடையில் நிற்காமல், ஓடிய பதிவு வேண்டும்.

செலவில்லாமல் செய்ய அவர் கண்டுபிடித்த வழி இது. மாடியில், இனி உதவாது என்று கண்டம் செய்த பழைய கம்ப்யூட்டர்கள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் நெட்வொர்க் அட்டைகள் நன்றாகவே இருந்தன. அட்டை ஒன்றைப் பிடுங்கி, நாற்பது காலுள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லோடு பதினாறு கம்பிகளால் இணைத்தார். அட்டையின் மீதிப் பற்களில் சிலவற்றைத் தரையோடும் சிலவற்றை ஐந்து வோல்ட்டோடும் கட்டிப்போட்டார். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருப்பதாக அட்டை நம்ப வேண்டும், அவ்வளவுதான் என்றார். மைக்ரோகண்ட்ரோலருக்கு நினைவகம் ஐந்நூற்றுச் சொச்சம் பைட். நெட்வொர்க்கில் வரும் ஒரு பொட்டலமோ ஆயிரத்து ஐந்நூறு பைட் வரை போகும். அதனால் பொட்டலத்தை அட்டையிலேயே விட்டுவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் படித்து, தனக்கு வேண்டியதில்லை என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடும். நாங்களும் கடிதங்களை அப்படித்தான் படித்தோம். நினைவகம் போதவில்லை என்ற சாக்கு மட்டும் எங்களிடம் இல்லை.

கண்டம் ஆன பொருள் மறுபடி உயிர்பெற விதியில் இடமில்லை. குளிரறைக் கதவுக்கு உதிரிபாகம் என்று எழுதி அதை நான் தீர்த்தேன். அது பெரிய காரியமில்லை.

எல்லா நெட்வொர்க் அட்டைக்கும் பிறக்கும்போதே பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஒரு முகவரி இருக்கும். எண்களும் A முதல் F வரையிலான எழுத்துகளும் கலந்து வரும். யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பால் அலுவலகம் முழுக்க ஒருமுறை வைரஸ் பரவியதால், பதிவு செய்த முகவரிக்கு மட்டுமே சுவரில் உள்ள இணைப்புகள் வழிவிடும் என்று ஆக்கியிருந்தார்கள். பதிவு செய்வது வைட்ஃபீல்டில் இருந்த ஒப்பந்த நிறுவனம். நாங்கள் கன்னடத்தில் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அவர்களுக்குக் கன்னடம் தெரியாது என்பதால், தபால் பிரிவு குமாஸ்தா ஓர் ஆங்கிலப் பிரதியும் சேர்த்து வைப்பார்.

எங்கள் அட்டையின் முகவரியில் பத்து இடங்களில் எண்கள், ஓரிடத்தில் B, ஓரிடத்தில் A. படிவத்தை நானே நிரப்பினேன். என் கன்னடக் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜனவரிக் கடைசியில் பதிவாகிவிட்டது என்று தகவல் வந்தது. கருவி வேலை செய்யவில்லை.

"டேபிள் மேல வெச்சா நல்லாப் பேசுது சார். செவுத்துல சொருவுனா ஊமையாயிடுது" என்றார் அவர்.

"கம்பி எங்கேயாவது விட்டிருக்குமா?"

"பதினாறையும் மூணு வாட்டி பத்த வெச்சிட்டேன். இன்னொரு வாட்டி வெச்சா அட்டையே அழுவும்."

பிப்ரவரி மாதம் முழுவதும் அவர் குற்றத்தைத் தன் வேலையிலேயே தேடினார். சில்லை மாற்றினார். கிரிஸ்டலை மாற்றினார். புரோகிராமை முதலிலிருந்து எழுதினார். மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு கேபிளைப் போட்டு 'பிங்' அடித்துப் பார்ப்பார், பதில் வரும். சுவரில் சொருகுவார், வராது. முப்பது நாள் என்பதால் மார்ச் முதல் தேதிக்குள் ஓடத் தொடங்கியாக வேண்டும் என்று சுவர்க் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் எதுவும் நடக்காதபோது கோப்பை வரவழைத்துப் படிப்பது என் பழக்கம். பிப்ரவரி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை காலையில் படித்தேன். கன்னடத்தில் A என்ற ஆங்கில எழுத்துக்கு 'எ' போடுவார்கள். E என்பதற்கு 'இ' போடுவார்கள். ஊரில் உள்ள எந்த ஏ.டி.எம். பலகையிலும் பார்க்கலாம். நானும் A இருந்த இடத்தில் அழகாக ஓர் 'எ' போட்டிருந்தேன். தபால் குமாஸ்தா அதை ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது E என்று எழுதியிருந்தார். 'எலெக்ட்ரிக்கல்' என்று கன்னடத்தில் எழுதினால் முதலில் வருவது அதே எழுத்துதானே. அதை ஆங்கிலமாக்கினால் E. அவர் செய்ததில் தப்பில்லை. நான் செய்ததிலும் தப்பில்லை. இரண்டு சரிகள் சேர்ந்து ஒரு பெண்மணியை ஒரு மாதம் பற்றவைக்க வைத்திருந்தன.

உடனே திருத்தக் கடிதம் எழுதி, பதினொரு மணித் தபாலில் வைட்ஃபீல்டுக்கு அனுப்பினேன். பிறகு கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான். ஏழு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது."

"விதி இருக்குது. மார்ச்சு ஒண்ணு திங்கக்கெழமை சார். அவங்க E-ன்னு எழுதிக்கினாங்கன்னா, நாமளும் E-ன்னு மாறிட்டாப் போவுது."

அட்டை தன் முகவரியைத் தானாகச் சொல்வதில்லையாம். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் மைக்ரோகண்ட்ரோலர்தான் அதற்கு முகவரியை எழுதிக் கொடுக்கிறது. எதை எழுதினாலும் அட்டை ஒப்புக்கொள்ளும். புரோகிராமில் ஓர் எழுத்தை மாற்றி, சில்லில் ஏற்றி, சுவரில் சொருகினார். பகல் பன்னிரண்டு மணிக்குக் குளிரறையிலிருந்து முதல் வரி வந்தது. 6.5 டிகிரி. நோட்டில் அந்த மணிக்கு நான்கு என்று இருந்தது.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கடிதம் அப்போது வைட்ஃபீல்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன்படி அங்கே E-யை A ஆக்கிவிட்டால் அந்த நிமிடமே கருவி ஊமையாகும். மறுபடி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பதிவில் இடைவெளி விழும், முப்பது நாள் முதலிலிருந்து தொடங்கும். மார்ச்சில் இன்னொரு முப்பது நாள் இல்லை.

"கடிதத்தைத் திருப்பி வாங்கிடுங்க சார்."

"வாங்கலாம். காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதட்டும், பொய்யான முகவரி எங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றா?"

"அப்போ அவுங்க பதில் போடாம இருக்கணும்னு வேண்டிக்கலாம்."

முப்பத்தொரு வருட சர்வீஸில், பதில் தாமதமாகிறது என்று நினைவூட்டல் எழுதியே என் விரலில் காய்ப்பு விழுந்திருந்தது. தாமதத்துக்காகக் காத்திருந்தது அந்த ஒரு மாதம்தான். அது பழக்கமில்லாத வேலை. ஜோகுபாளையத்தில் பஸ் ஏறும்போது, பழைய மதராஸ் சாலையில் வைட்ஃபீல்ட் பக்கம் நெரிசல் என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

தபால் குமாஸ்தா வேறு விதமாக வந்து நின்றார். தன்னால்தான் தப்பு நேர்ந்தது என்று அவருக்கு உறுத்தல். "சார், ஒந்து ஃபோன் மாட்லா? நானே பேசி உங்க லெட்டர இன்னிக்கே முடிச்சுத் தர்றேன்" என்றார். வருடத்தில் ஒருநாள்கூட ரிசீவரைத் தொடாத மனிதர்.

"வேண்டாம். நிதானமாக வரட்டும்" என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்துவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள் வைட்ஃபீல்ட் ஆளே நேரில் வந்துவிட்டார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேக்காரர், நல்ல தமிழ் பேசினார், கழுத்தில் அடையாள அட்டை. மாடியில் நெட்வொர்க் பெட்டியின் ஃபேன் சத்தம் போடுகிறது என்று பார்க்க வந்தவர், போகிற போக்கில் என் அறைக்குள் தலையை நீட்டினார். டெக்னீஷியன் அம்மாள் ஏதோ கையெழுத்துக்காக என் மேசைக்கு எதிரே நின்றிருந்தார்.

"சார், உங்க செக்ஷன்ல ஏதோ ஒரு லெட்டர் மிஸ்டேக்காமே? இவ்ளோ தூரம் வந்துட்டேன், சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டுப் போயிடறேன்."

அந்த அம்மாள் கையில் இருந்த பேனா மூடியைப் போட்டுக் கழற்றிப் போட்டார்.

"கடிதம் உங்களுக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"வந்திருக்கும் சார். யாரு டேபிள்ல இருக்கோ. அது கெடக்கட்டும், நீங்க வாயால சொன்னாப் போதும்."

"வாயால் சொல்லி முகவரியை மாற்றுவதா? உங்கள் ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து என்ன சொல்கிறது?"

"பதினொண்ணு இருக்கா சார்?"

"இருக்கிறது. எழுத்து மூலமான கோரிக்கைக்கு எழுத்து மூலமான பதில் தந்த பிறகே மாற்றம் செய்ய வேண்டும். நீங்கள் பதிலோடு வாருங்கள்."

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "உதவி பண்ண வந்தா கிளாஸ் எடுக்கறீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடிப்படியில் இன்னொருவரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதும் காதில் விழுந்தது. அது பெரும்பாலும் சரிதான்.

ஷரத்து உண்மையில் இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இருக்கிறது. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை."

"நல்லவேளை சார். நீங்க பொய் சொல்றீங்களோன்னு பயந்துட்டேன்."

மார்ச் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டோடு முப்பது நாள் முடிந்தது. அன்று விடுமுறை, கருவி மட்டும் வேலை செய்தது. முப்பதாம் தேதி இயக்குநர் பதிவுத்தாள்களைப் புரட்டினார். இடைவெளி எதுவும் இல்லை. குளிரறை நான்கு டிகிரியில் இருந்த நேரம் மிகக் குறைவு என்பது அவருக்குப் புதிய செய்தி. கதவின் ரப்பரை மாற்றச் சொன்னார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. அதற்கான உத்தரவில் அந்த அம்மாள் பெயரைத் தவறில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று நானே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன்.

நான் செய்தது விதிக்கு முரணா என்று கேட்டால், ஆம். பதிவேட்டில் இல்லாத ஒரு கருவி, இருக்கிற கருவியின் பெயரில் ஒரு மாதத்துக்கும் மேல் பேசியது, எனக்குத் தெரிந்தே பேசியது. ஓய்வூதிய உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பதிவேட்டில் E என்பது A எனத் திருத்தப்படுகிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று வைட்ஃபீல்டிலிருந்து பதில் வந்தது. அத்திபெலேக்காரரே கொண்டுவந்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அவர் இறங்கி வருவதற்குள் அந்த அம்மாள் கீழே சில்லைக் கழற்றி ஓர் எழுத்தை மாற்றி மறுபடி சொருகிவிட்டார். தபால் பதிவேட்டில் நான் போட்ட தேதி 2004 ஏப்ரல் 12, திங்கட்கிழமை.