கத்தாமல் பேசிய நாள்

பாசிர் கூடாங் வீட்டில், மலிவாகக் கிடைத்த ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்றில் பாகங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். எதை மாற்றியும் இரைச்சல் நிற்கவில்லை. எரிச்சலோடு சோல்டரிங் இரும்பின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தேன். எழுந்த புகை மணம் என்னை நான் வளர்ந்த செடெனாக் வீட்டுக்கு இழுத்துப் போனது.

செம்பனை ஆலை இயந்திரங்களின் சத்தத்தில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டிருந்தது. எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசினோம். மின்னணுத் தொழிற்சாலையில் சோல்டரிங் வேலை பார்த்த அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. சின்ன ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்றில் மைக்கையும் ஹெட்போனையும் இணைக்க முனைந்தார். வேலையிலிருந்து வந்ததும் உடைகூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். இரும்பின் கறுத்த முனையில் ஈயம் ஒட்டாது என்று அடிக்கடி துடைத்துப் புது ஈயம் பூசுவார். குழம்பு கொதித்தால் எழுந்து ஓடுவார், மறுபடி வந்து உட்காருவார்.

ஒரு ஞாயிறு மாலை அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டார்.

“மழை பெய்யுதா?” என்று கேட்டார் அப்பா.

“அலமாக், இன்னும் இரையுதா!” என்று அலுத்துக்கொண்டார் அம்மா.

ஹெட்போனைப் பிடுங்கிப் போய் இன்னொரு பாகத்தை மாற்றினார். திரும்ப மாட்டிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். “கத்தாம பேசு லா.”

“அப்பா, நான்தான்பா.”

அப்பா ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

“பாப்பா, உன் குரல் இவ்வளவு மெல்லிசா?”

பிறகு மைக்கை அம்மா பக்கம் தள்ளி, “நீயும் பேசேன்,” என்றார். அத்தனை வருடங்கள் கத்தியே பழகிய அம்மா, மைக்கை வாயருகே கொண்டுபோய் மெதுவாக, “சாப்பிட வாங்க,” என்றார்.