உள்ளே வாசிக்கக் கூடாது

நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பின் செய்முறைத் தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில். அன்று காலை என் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தயங்கி நின்றேன். மதினி, என் கணவரின் அக்கா, எனக்காகவே பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார்.

"ஏட்டி, நான் பாத்துக்கிடுதேன். தண்ணி குடுத்தா இன்னும் போகும். நாக்கை மட்டும் நனைச்சு விடுதேன். நீ பரீட்சை எழுதிட்டு வா."

ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

புத்தகத்துக்கு வகை எண் போடத் தலைப்பும் பொருளடக்கமும் போதும், உள்ளே வாசிக்கக் கூடாது என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். தேர்வில் எனக்கு வந்தது குழந்தை மருத்துவப் புத்தகம். மனம் கேட்காமல் உள்ளே புரட்டினேன். வயிற்றுப்போக்கின்போது தண்ணீரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றிருந்தது. விடைத்தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டில் பிள்ளை அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே என் மடியில் அவள் உயிர் போய்விட்டது.

பிறகு மறுபடி எழுதித் தேர்ச்சி பெற்றேன்; நூலகத்தில் வேலையும் கிடைத்தது. இரண்டாவது பிள்ளையையும் பகலில் மதினிதான் பார்த்துக்கொள்கிறார். இப்போதும் கேட்பார்: "அன்னைக்கு ஏன்டி பாதியிலயே ஓடி வந்த?"

"மனசு கேக்கலை மதினி."

வாசித்ததைச் சொன்னால் அவர் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் இவனுக்கும் தண்ணீரை நிறுத்திவிடுவாரோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில்தான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன்.