எக்ஸாஸ்ட் வால்வை நான் மாட்டியபோது

என் வீட்டுக்காரர் வண்டியில் கை வைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நூறு சிசி பைக். புகை கொஞ்சம் கறுத்தால் போதும், வாசலில் கோணியை விரித்து எஞ்சினைப் பிரித்துவிடுவார். மெக்கானிக்கிடம் மட்டும் விட மாட்டார். கரிக் கையோடு என் பட்டுத் தறிப் பக்கம் வந்தால் கத்துவேன். பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் சேலையே போச்சு.

தொண்ணூறுகளின் கடைசியில், அப்படி ஒருமுறை பிரித்துப் போட்டிருந்த சமயத்தில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிஞ்சியது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையும் வால்வுகளையும் ஒரு சட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

தேவிகாபுரத்திலிருந்து என் தம்பி வண்டியைக் கேட்டு வந்தான். "பிரிச்சு கெடக்குதுடா. நான் எழுந்து மாட்டினப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். தினமும் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கிப் பார்ப்பார். எழுந்து எஞ்சினை மாட்டுவதுதான் அவருடைய ஒரே பேச்சு.

வண்டியோ தெருவில் நின்றது. எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள், தறிக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். குறுக்கே எது நின்றாலும் எடுத்தாக வேண்டும். "அக்கா, வண்டிய கொஞ்சம் தள்ளிக்கிறோங்க" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப்போகும். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு நாள் சட்டியை இழுத்து அவர் எதிரில் வைத்தேன்.

"சொல்லுங்க, நான் மாட்டறேன்."

"இன்னா, வெளையாடறியா?"

"நாள் பூரா இழை பிணைக்கிறவ நான். இந்த இரும்பு எனக்கு ஒரு பேஜாரா?"

சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதமாயிற்று! அந்தச் சிரிப்புக்காகவே நான் லாரி எஞ்சினைக்கூடப் பிரித்திருப்பேன்.

அவர் சொல்லச் சொல்ல, எக்ஸாஸ்ட் வால்வில் கெட்டியாகப் பிடித்திருந்த கரியைச் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். அது உட்காரும் இடத்தில், இரும்பைத் தேய்க்கும் நறநறப்பான பேஸ்ட் தடவி, வால்வை வைத்து இப்படியும் அப்படியும் திருகித் தேய்த்தேன். "ஜல்தி பண்ணாத. சுத்தி ஒரே மாதிரி வளையம் தெரியணும்." தெரிந்தது. பேஸ்ட்டைத் துளி இல்லாமல் துடைத்து, வால்வை வைத்துப் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். கசியவில்லை.

ஸ்பிரிங்கைக் கிளாம்ப் வைத்து அழுத்தி, அது கழலாமல் பிடித்துக்கொள்ள, பாதிப் பட்டாணி அளவில் இருக்கும் இரண்டு லாக்குகளைப் போட வேண்டும்.

"அத நான் போடறேன்" என்று இடது கையை நீட்டினார்.

நழுவி விழுந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அப்புறம் அவரே அதை என் உள்ளங்கையில் வைத்தார். நான் போட்டேன், சரியாக உட்கார்ந்தது. "நல்லா போட்ட" என்றார். அதன் பிறகு கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னார். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து வாசற்படி வரை இழுத்துவந்தேன். அவர் சொன்னபடியே ஹெட்டை ஏற்றி, செயினை மாட்டி, நட்டுகளை முறுக்கினேன். உதைத்து உதைத்துக் கால் சோர்ந்த நேரத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. "அக்கா மெக்கானிக் ஆயிட்டாங்கடா!" என்று பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இன்னாங்க? ஓடுதுங்க!"

"ஓடுது" என்றார். "இத மாட்டறதுக்காவது எழுந்துடுவேன்னு இருந்தேன். இனிமே எதுக்கு எழுந்திருக்கணும், சொல்லு."

எனக்காக என்று சொல்லியிருக்கலாம். கரிக் கையோடு அவர் காலடியில் உட்கார்ந்து நானும் அழுதேன். பாவுக்காரர் ஒருவர் வந்து, எங்களைப் பார்க்காத மாதிரி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டுப் போனார்.