இடப்பக்கப் பெட்டியின் சாவி

எங்கள் வண்டிக்கு மூன்று சாவிகள். வண்டியைக் கிளப்புவதற்கு ஒன்று; பின்னிருக்கையின் இருபுறமும் தொங்கிய இரும்புப் பெட்டிகளுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று. வண்டி என் பெயரில்தான் இருந்தது. ஆனாலும் அதை 'என் வண்டி' என்று சொல்ல இன்றுவரை என் நாக்குப் பழகவில்லை.

2005இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவரிடமிருந்து அப்பா அதைப் பழையதாக வாங்கித் தந்தார். மாதிரி மருந்துகளைச் சுமப்பதற்காக அவர் அந்த இரண்டு சைடு பாக்ஸ்களையும் வெவ்வேறு காலத்தில் பொருத்தியிருந்தார். அதனால் ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழையவும் நுழையாது. மாற்றுச் சாவிகளை அவர் எப்போதோ தொலைத்துவிட்டிருந்தார். ஆக, ஒவ்வொரு பூட்டுக்கும் இவ்வுலகில் ஒரே ஒரு சாவி. இந்தக் குறைதான் பின்னாளில் எங்கள் இருவருக்கும் சட்டமாயிற்று.

இருவரில் மற்றவன் என் கல்லூரித் தோழன், காடாம்புலியூர்க்காரன், முந்திரியும் பலாவும் வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை. சிதம்பரத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் விடுதியில் தங்கியிருந்தான். நான் கடலூரிலிருந்து நாள்தோறும் வண்டியில் போய் வந்தேன். பேச்சு எங்களைச் சேர்த்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் 'ஒட்டியும் வெட்டியும்' என்று ஒரு போட்டி உண்டு. ஒரு கல்லூரிக்கு இருவர். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேச வேண்டும், மற்றவர் வெட்டிப் பேச வேண்டும். இருவர் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் சுழற்கேடயம். அதாவது, என் கூட்டாளியை நான் மேடையில் எவ்வளவு வலுவாகத் தாக்குகிறேனோ அவ்வளவு எங்கள் அணிக்கு நல்லது. இப்படியொரு நட்பை வேறு எந்த விளையாட்டும் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

இடப்பக்கப் பெட்டி எனக்கு, வலப்பக்கப் பெட்டி அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். குறிப்புத் தாள்கள், மடித்த வேட்டி, மழைக்கோட்டு எல்லாம் அவற்றில் போகும்.

"சைலன்சர் பக்கம் பாத்து எனக்குக் குடுத்துட்டியே மச்சான், என் பேப்பரெல்லாம் தோசை மாதிரி சுட்டுப் போவுது" என்பான்.

"உன் பேச்சுக்கு அந்தச் சூடாவது இருக்கட்டும்னுதான்டா."

"இரு, மேடையில வச்சுக்குறேன் உன்ன."

குறிப்பைப் பார்த்துப் பேசுகிறவனை நாங்கள் இருவருமே பேச்சாளன் என்று ஏற்றுக்கொண்டதில்லை. அந்தச் செருக்கு எங்களுக்குச் சம அளவில் இருந்தது. ஆனால் செருக்கு வேறு, மேடை ஏறுமுன் வருகிற அச்சம் வேறு. சிதம்பரத்தில் நடந்த ஒரு போட்டியில், எங்கள் முறைக்குச் சற்று முன்னர், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அரங்கைவிட்டு வெளியே வந்தேன். வண்டி நிறுத்திய வேப்பமரத்தடியில் என் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து நிமிர்ந்தால், வண்டியின் மறுபக்கத்தில் அவனும் குனிந்தபடி தன் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன்.

"தண்ணி இங்கதான் வருதா?" என்றான்.

"உன் போன் எங்கடா, சைலன்சர்லயா?"

இருவரும் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் வண்டி நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் தம் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று குனிந்து பார்த்தார். அன்றே விதி பிறந்தது. போட்டி நடக்கும் வாசலை அடைந்ததும் தாள்கள் பெட்டிக்குள் போக வேண்டும். பூட்டிய பின் என் பெட்டிச் சாவியை அவனிடமும், அவன் பெட்டிச் சாவியை என்னிடமும் கொடுத்துவிட வேண்டும். வண்டிச் சாவி இந்த ஏற்பாட்டில் சேராது. அது தனி வளையத்தில் என்னிடமே இருக்கும்.

சாவியை வைப்பதிலும் ஆளுக்கொரு முறை. அவனுடையதை நான் சட்டைப் பையில் இட்டுக்கொள்வேன். பேச்சின் நடுவே சொல் தடுக்கினால் கை தானாகவே அதைத் தொடும். தொட்டதும் தடுக்கிய சொல் வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அவனோ என் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான்.

"சட்டைப் பையில ஓட்டை இருக்கும், கையில வச்சா வேர்க்கும். அரணாக்கயிறு அவுந்து போனதா எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா நீ?"

முடிவு அறிவித்த பின் கீழவீதியில் ஒரு தேநீர்க் கடை. அங்கே விதியின் இரண்டாம் பகுதி தொடங்கும். சாவியைத் திரும்பப் பெற வேண்டுமானால், அன்றைய தலைப்பில் மற்றவன் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரில் ஒருவன் ஒப்புக்கொண்டால் போதும், இரண்டு சாவிகளும் வீடு திரும்பும். நடுவர் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. கோபுரத்தின் நிழல் வீதியைத் தாண்டி எதிர்க்கடையின் தட்டியில் ஏறும்வரை வாதிட்டிருக்கிறோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "இன்னைக்கு இன்னா சண்டை?" என்றுதான் கேட்பார். தோற்பவன் பெரும்பாலும் விடுதிக்கு நேரத்தோடு போக வேண்டிய அவன். சில நாள், மழைக்கு முன் வெள்ளாற்றுப் பாலம் கடக்க வேண்டிய நான்.

2008இல் கல்லூரி முடியும் தறுவாயில் கடைசிப் போட்டி. 'பிரிவு நட்பை வளர்க்கும்' என்பது தலைப்பு. ஒட்டிப் பேசுவது என் பங்கு. தேய்க்கவே செய்யும் என்று வெட்டிப் பேசுவது அவன் பங்கு. அவனுக்கு ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலை உறுதியாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அன்று அவன் பேசியதைப் போன்ற பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. அடுக்குமொழி இல்லை, கையசைவு இல்லை. கேட்டுக்கொண்டிருந்த என் கை மூன்று முறை சட்டைப் பைக்குப் போனது. அதன் பின் நான் எழுந்து, இருந்த ஆற்றல் அனைத்தையும் கூட்டி மறுத்தேன். கேடயம் எங்களுக்கே கிடைத்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் கோப்பையும் தந்தார்கள்.

வண்டியருகே வந்து அவன் என் பெட்டியைத் திறந்து என் கோப்பையை உள்ளே வைத்துப் பூட்டினான். நான் அவன் பெட்டியைத் திறந்து அவனுடையதை வைத்துப் பூட்டினேன். பிறகு தேநீர்க் கடை.

"ஒத்துக்கோ. பிரிஞ்சா தேஞ்சுதான்டா போவும்."

"போவாது."

"பந்தயமா?"

"சாவி இருக்கில்ல, அதான் பந்தயம்."

அன்று இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதிக்கு நேரமாகியும் அவன் எழுந்திருக்கவில்லை. வானம் கறுத்தும் நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சாவிகளை மாற்றிக்கொள்ளாமலேயே கலைந்தோம். அடுத்த சில வாரங்களில் அவன் விமானம் ஏறினான். என் பெட்டியின் ஒரே சாவி அவனுடைய அரைஞாணில் கடல் கடந்தது.

அன்றிலிருந்து வண்டியில் ஒரு பெட்டி திறக்கும், மற்றது திறக்காது. அவன் பெட்டியில் மழைக்கோட்டையும் கைக்குட்டையையும் வைத்துக்கொண்டேன். அடியில் அவன் அன்றைய குறிப்புத் தாள்கள் இருந்தன. அவற்றை நான் படித்ததில்லை. மேடை முடியாதவரை எதிரணியின் தாளைப் பார்ப்பது முறையன்று. அவன் கோப்பையை மட்டும் எடுத்து வீட்டில் துடைத்து வைத்தேன். என் கோப்பை இடப்பக்கப் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் கடகடவென்று உருளும். ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சத்திரம் வரை சாலை கெட்டுக் கிடந்த காலத்தில் அந்த ஓசை வழியெல்லாம் கூடவே வந்தது.

"ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் சார், ஒரு தட்டு தட்டுனா தொறந்துக்கும்" என்பார் மெக்கானிக்.

"பூட்டுன பொட்டிய சுமந்துக்கினு திரியுது பாரு, பெரிய பேச்சாளரு" என்பாள் அம்மா.

தட்டினால் திறந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் தட்டித் திறந்தால் பந்தயம் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அழைப்பான். அங்கே அன்று விடுமுறை. சூடு, சாப்பாடு, அறையில் உடனிருக்கும் மலையாளிகள் என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்குமுன் கேட்பான்: "ஒத்துக்குறியா?"

"மாட்டேன்."

"சாவி இடுப்புலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

பிறகு அழைப்பு மாதத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றாயிற்று. ஒரு தீபாவளியன்று நலம் விசாரித்து முடித்து, "சரிடா, வைக்கிறேன்" என்றான், வைத்துவிட்டான். அந்தக் கேள்வியைக் கேட்க மறந்திருந்தான். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். திரும்ப அழைத்து, 'ஏன்டா கேக்கல' என்று கேட்டிருக்கலாம். ஆயிரம் பேர் முன்னிலையில் தயங்காத எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

இதற்குள் நான் கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் பேசத் தொடங்கியிருந்தேன். குமராட்சிப் பக்கத்து ஊர்களிலும் மேடை கிடைத்தது. எதிரணியில் நல்ல பேச்சாளர்கள்தான் இருந்தார்கள். ஆனால் வாசலில் வண்டியை நிறுத்தியதும், யாரிடமோ எதையோ கொடுக்க வேண்டியவனைப்போல என் கை ஒரு நொடி நீளும்.

2011 முடிகிற நாளில் வந்த புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. பண்ணுருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்தன. தை மாதத்தில் அவன் விடுப்பில் வந்தான். வந்து இரண்டு நாள் கழித்தே எனக்குச் சொன்னான்; அதையும் குறித்துக்கொண்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் போனேன்.

வேரோடு சாய்ந்து கிடந்த பலாமரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். பருத்திருந்தான், முன்தலையில் முடி குறைந்திருந்தது. அவன் அம்மா என்னைக் கண்டதும், "வாப்பா, இவனுக்கு ஏதாச்சும் சொல்லு. வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. பேசிப் பேசியே கோப்பை வாங்குன புள்ள" என்றார்.

விழுந்த மரங்களைப் பற்றிப் பேசினோம். புதிதாக நட்டால் காய்க்க எத்தனை ஆண்டாகும் என்று கணக்குச் சொன்னான். பேச்சு ஓய்ந்தபோது அவன் பார்வை வண்டியின்மேல் போனது.

"இன்னும் அந்தப் பொட்டிய மாத்தலியா நீ?"

"சாவி உங்கிட்ட இருக்கு."

"அட, ஆமால்ல." இடுப்பைத் தொட்டுப் பார்த்தான், பழக்கம்போல. "ஏர்போர்ட்ல மிஷின் கத்துதுன்னு கயித்துலேர்ந்து அவுத்துட்டேன்டா. ரூம்ல லாக்கர் சாவியோட கிடக்கும். ஒடச்சுடு மச்சான். நீதான் ஜெயிச்ச, ஒத்துக்குறேன். போதுமா?"

நான்கு ஆண்டுகளாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. அவன் அதை, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு இடம் விடுவதுபோல விட்டுக்கொடுத்தான். கீழவீதியில் கோபுர நிழல் நகர்ந்தும் எழுந்திருக்காதவன்! பிரிவு நட்பை வளர்க்கும் என்று அவன் வாயே சொல்லிவிட்டது. அதைச் சொன்ன எளிமையில் அவனுடைய வாதமே வென்றிருந்தது. சட்டைப் பையிலிருந்து அவன் பெட்டிச் சாவியை எடுத்து நீட்டினேன். ஒருவன் ஒப்புக்கொண்டால் சாவிகள் திரும்ப வேண்டும், விதி அதுதான்.

அவன் அதை வாங்கவில்லை. அதைப் பார்த்தான். கையில் பட்டுப் பட்டுச் சாவியின் தலை பளபளத்திருந்தது.

"பண்ணுருட்டி வரைக்கும் வுட்டுடு. ரம்பம் வாங்கணும்" என்றான்.

பின்னிருக்கையில் ஏறினான். ஊர் எல்லையின் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பெட்டிக்குள் கோப்பை உருண்டது.

"இன்னாடா சத்தம்?"

"என் கோப்பை. நீதான் வச்சுப் பூட்டுன."

அடுத்த வேகத்தடை வருமுன் அவனுடைய இடக்கை பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தது. கல்லூரி நாள்களில், மேடுபள்ளத்தில் மூடி அதிரக்கூடாதென்று பிடிப்பானே, அதே பிடி. சாலையின் இருபுறமும் மரங்கள் படுத்துக் கிடந்ததால் வெயில் தடையின்றி அடித்தது. பண்ணுருட்டிக் கடைத்தெருவில் இறங்கி, ரம்பக் கடையை நோக்கி நடந்தவன் திரும்பி வந்தான். நான் மறுபடியும் அவன் சாவியை எடுத்து நீட்டினேன்.

"டேய், ஒடைக்காத."

"ஏன்?"

"வாபஸ். சொன்னத வாபஸ் வாங்குறேன். பிரிஞ்சா தேஞ்சுதான் போவும். நீ ஒத்துக்கிட்டாத்தான் சாவி."

"மாட்டேன்டா" என்றேன்.

"அப்ப அந்தச் சாவிய உள்ள வையி. எதுக்கு நீட்டுற?"

அடுத்த வாரம் அவன் திரும்பிப் போனான். மீண்டும் எப்போது வருவான் என்று அவனுக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அழைப்புகள் முழுவதும் மீளவில்லை. வந்தால், வைக்குமுன் மறவாமல் கேட்கிறான்.

கடலூரின் உப்புக்காற்று திறக்காத பூட்டை விரைவில் தின்றுவிடும் என்கிறார் மெக்கானிக். அதனால் ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவியதும், ஒரு கோழியிறகால் இடப்பக்கப் பூட்டின் துளையில் எண்ணெய் விடுகிறேன். சாவி வருகிற நாளில் அது தடையின்றித் திரும்ப வேண்டும்.