பிலோமினா சொன்ன மறுபாதி

நம் பங்குக் கோவிலில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் நோய் நீங்கியதைச் சொல்வார்கள். என் மனைவிக்கு நோய் நீங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஆட்சேபணை எழுப்ப வேண்டாம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு காலை, காபி டம்ளரை என்னிடம் நீட்டியபடியே பிலோமினா சரிந்தாள். பக்கவாதம். புதுச்சேரி மருத்துவமனையில் மூன்று வாரம். கை கால் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. முப்பத்தெட்டு வருடம் என்னைத் திட்டிய வாயிலிருந்து "ம்... ம்..." மட்டும் வந்தது.

நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பியவன். பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த பட அட்டைகளை வைத்து அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். மாலையில் நேரம் போதவில்லை. அதனால் நாங்கள் இருவரும் தினமும் சொல்லும் ஜெபமாலையை நிறுத்தினேன். அவளால்தான் பேச முடியாதே, ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று நானே முடிவெடுத்து, நானே ஒப்புதலும் அளித்தேன். அட்டவணையின் தலைப்பில் எழுதினேன்: "இலக்கு: ஆண்டு இறுதிக்குள் என் பெயரைச் சொல்ல வேண்டும்."

மனத்துக்குள் மட்டும் தினமும் மன்றாடினேன். ஆண்டவரே, ஒரு வார்த்தை.

டிசம்பர் கடைசி நாள். எங்கள் ஊர் உப்பளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. பணிக்காலப் பழக்கம் விடவில்லை. ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். இலக்கு: எய்தப்படவில்லை. காரணம்: ஒத்துழைப்பின்மை.

திரும்பினால், சுவரைப் பிடித்தபடி பிலோமினா நின்றிருந்தாள். படித்தாளோ, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாளோ தெரியாது. அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். கண்ணீர் தாளில் சொட்டியது. மன்னிப்புக் கேட்காமல் தாளைத் துடைத்தேன்.

அவள் படுக்கப் போனதும் முழங்காலில் விழுந்தேன். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் முடிந்துபோயிற்று, இனி நீர் பாரும் என்றேன்.

மதியம் பக்கத்து வீட்டு ஜெயமேரி வந்தாள். உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள். மழைக்காலத்தில் அவளுக்கு வேலை கிடையாது.

"இன்னா சார், அக்கா கண்ணு செவந்திருக்குது? பரீட்சையில ஃபெயிலாக்கிட்டீங்களா?"

நான் பட அட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"அந்த அட்டைய அப்பால வைங்க சார். வருஷக் கடைசி நாளு, ஒரு ஜெபமாலையாவது சொல்லலாம். முன்பாதி நீங்க சொல்லுங்க, பதில் நான் சொல்றேன்."

ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்து, 'அருள் நிறைந்த மரியே' மன்றாட்டின் முன்பாதியைச் சொன்னேன். ஜெயமேரி வாய் திறப்பதற்குள் கரகரத்த ஒரு குரல் கேட்டது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே..." பிலோமினா! 'தூய மரியே' என்பதற்குச் சிறு வயதில் படித்த பழைய சொற்கள். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று தொடர்ந்து ஆமென் வரை, தடங்கலில்லாமல்.

ஜெயமேரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நிறுத்தாதீங்க சார்! அடுத்தது சொல்லுங்க, சொல்லுங்க!"

அழுதுகொண்டே ஐம்பத்து மூன்று மணிகளையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள்.

முடிந்ததும் ஆசையோடு கேட்டேன். "பிலோ, என் பேரு?"

"ம்..."

இன்றும் அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் விரலைக் காட்டுகிறாள். மனப்பாடமான வரிகள் மூளையில் வேறு இடத்தில் தங்கியிருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். இருக்கட்டும். அந்த இடத்தை ஒதுக்கி வைத்தது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

புத்தாண்டுத் திருப்பலியிலிருந்து வந்ததும் அட்டவணையைக் கிழித்தேன். பயிற்சி நடக்கிறது, மதிப்பெண் இல்லாமல். இந்த ஆண்டுக்கு இலக்கு ஒன்றுதான், அதுவும் எனக்கு: மாலைதோறும் முன்பாதியைத் தவறாமல் சொல்வது. நான் தொடங்காவிட்டால் அவளுக்கு மறுபாதி வருவதில்லை. பத்து மாதம் அவள் வாயை மூடி வைத்திருந்தது நோய் மட்டுமல்ல, நானும்தான்.

உங்கள் வீட்டிலும் பேச முடியாத ஒருவர் இருக்கலாம். ஆண்டவரிடம் அவருக்கு இனி வேலையில்லை என்று நீங்களாகத் தீர்ப்பெழுதாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு வார்த்தை கேட்டேன். அவர் கொடுத்த வார்த்தைகளில் என் பெயர் இல்லை. ஆனால் "எங்களுக்காக" என்று பிலோ தினமும் ஐம்பத்து மூன்று முறை சொல்கிறாள். அதில் நானும் இருக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி.